விண்ணப்பப் பற்றுச்சீட்டை அனுமதிக் கடிதமாகக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள்: கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கும் மலையகச் சங்கங்களின் கவனத்திற்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டனை அண்டிய ஒரு தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மண்டபக் கூரையிலும் களஞ்சியக் கூரையிலும் 40 கிலோவாட் சூரிய மின் தொகுதி அமைத்து, மின்சார சபைக்கு விற்கும் மின்சாரத்தின் வருமானத்தை அங்கத்தவர்களுக்குப் பங்கிடும் திட்டம் ஒன்றை நான் வடிவமைத்து நடத்தி வருகிறேன். பொருத்தும் பணியை ஏற்ற நிறுவனம் அந்தச் சங்கத்தை ஏமாற்றிய விதத்தை, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் இதே முயற்சியில் இறங்கியிருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தத் திட்டத்தின் பங்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஓய்வுபெற்ற பெண் தொழிலாளர்கள் தங்கள் சேமலாப நிதியிலிருந்து ஒரு பகுதியைப் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு எடுத்தவர்களும் உண்டு. மீதி வங்கிக் கடன். 1992இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட தோட்டக் காணியில் கட்டடம் நிற்பதால், கூரையைப் பயன்படுத்த கம்பனியின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெறுவதற்கே நீண்ட காலம் காத்திருந்தோம்.

நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில், இரண்டாம் தவணைப் பணம் மின்சார சபையின் இணைப்பு அனுமதி கிடைத்த பின்னரே வழங்கப்படும் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் நிறுவனத்தின் பிரதிநிதி சங்கச் செயற்குழுவைத் தனியாகச் சந்தித்து, ஒரு தாளைக் காட்டி, "ஐயா, அனுமதி வந்துவிட்டது, இனிப் பெனல்களை இறக்க வேண்டியதுதான்" என்று சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் அச்சிடப்பட்ட அந்தத் தாளில் அலுவலக முத்திரையும் ஓர் இலக்கமும் திகதியும் இருந்தன. செயற்குழுவினர் நம்பிக்கையோடு காசோலையைக் கொடுத்தார்கள். அந்தத் தாளின் நகல் பின்னர் என் கைக்கு வந்தபோது, அது விண்ணப்பமும் கட்டணமும் பெற்றுக்கொள்ளப்பட்டதற்கான பற்றுச்சீட்டு மட்டுமே என்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்தது. எத்தனை கிலோவாட் இணைக்கலாம் என்ற குறிப்போ, எந்த மின்மாற்றியில் இணைக்கலாம் என்ற விபரமோ அதில் இல்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளை வயதானவர்கள் முன்னால் நீட்டிப் பணம் வாங்குவது சாதாரண வியாபாரத் தந்திரம் அல்ல. அது மோசடி என்றே நான் கருதுகிறேன்.

பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்கு நேரில் சென்று விசாரித்தபோது இன்னொரு விடயமும் வெளிப்பட்டது. சங்கக் கட்டடத்துக்கு மின்சாரம் வரும் மின்மாற்றியில் 15 கிலோவாட் வரை மட்டுமே இணைக்க இடமிருப்பதாகவும், அதற்கு மேல் வேண்டுமானால் மின்மாற்றியைத் தரமுயர்த்தும் செலவை விண்ணப்பதாரரே ஏற்க வேண்டும் என்றும் சபை ஏற்கெனவே கடிதம் அனுப்பியிருந்தது. கடிதம் சென்றது நிறுவனத்தின் முகவரிக்கு. அவர்கள் அதை மறைத்துவிட்டு 40 கிலோவாட்டுக்கான பெனல்களை இறக்கினார்கள்.

மின்மாற்றி வரம்பு தோட்டப்புறங்களில் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைச் சங்கங்கள் விளங்கிக்கொள்வது அவசியம். பகலில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போய்விடுவதால் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மின்சாரப் பாவனை மிகக் குறைவு. சூரிய மின் உற்பத்தி உச்சத்தில் இருப்பதும் அதே நேரத்தில்தான். உள்ளூரில் செலவாகாத மின்சாரம் நீண்ட, மெல்லிய கம்பிகளில் பின்னோக்கிப் பாயும்போது, 230 வோல்ட்டாக இருக்க வேண்டிய அழுத்தம் உயர்கிறது. குறித்த எல்லையைத் தாண்டியதும், பெனலின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். அனுமதியின்றி 40 கிலோவாட்டையும் பொருத்தியிருந்தால்கூட, நல்ல வெயில் நேரத்தில்தான் அது அடிக்கடி நின்றிருக்கும்.

தாமதத்தின் விலை இதைவிடப் பெரியது. கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2022இல் நிர்ணயிக்கப்பட்ட அலகுக்கு 37 ரூபா, 2024 ஜூலையில் 27 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. நடைமுறையில் இருந்த விலையை 20 ஆண்டுகளுக்கு உறுதிசெய்யும் ஒப்பந்தத்தைச் சங்கம் உரிய காலத்தில் செய்திருக்கலாம். சபையின் கடிதம் வந்த அன்றே எங்களிடம் தரப்பட்டிருந்தால், 15 கிலோவாட்டையாவது பழைய விலையில் பதிந்திருப்போம். மாதத்துக்கு ஏறத்தாழ 4,000 அலகு உற்பத்தி செய்யும் 40 கிலோவாட் தொகுதிக்கு, அலகுக்கு 10 ரூபா என்பது மாதம் 40,000 ரூபா. 2025இல் விலை மீண்டும் குறைந்தது.

உற்பத்தி மதிப்பீட்டிலும் நேர்மை இருக்கவில்லை. வருடத்தின் எல்லா மாதத்துக்கும் ஒரே அளவு போட்டு, ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 120 அலகு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். குளிர் தேசத்தில் பெனல் நன்றாக வேலை செய்யும் என்ற அவர்களுடைய வாதத்தில் உண்மை உண்டு. பெனலின் வெப்பம் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வீதம் குறையும். ஆனால் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும் மப்பும் மூடுபனியும் அந்த ஆதாயத்தை விழுங்கிவிடும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடை பக்கம் வெயில் அடிக்கும். மலையகம் முழுவதற்கும் ஒரே கணக்குப் போடுபவரை நம்ப வேண்டாம். உலக வங்கியின் ஆதரவுடன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலகச் சூரிய வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறித்தால் மாதவாரிக் கணக்கு வரும். நிறுவனத்தின் அட்டவணையை அதனோடு ஒப்பிடுங்கள்.

கல்வனைஸ் செய்த (துருப்பிடிக்காமல் நாகம் பூசிய) இரும்பு என்று விலைப்பட்டியலில் இருந்த தாங்கிச் சட்டங்கள், வெள்ளி நிறப் பெயின்ட் பூசிய சாதாரண இரும்பு. நகத்தால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் தகரக் கூரையில் துரு வழிந்து, பழுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன.

பணம் கொடுக்கும் முன் இணைப்பு அனுமதியின் மூலப் பிரதியைக் கேளுங்கள். கிலோவாட் அளவும் மின்மாற்றி விபரமும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, இலக்கத்தைப் பிரதேச அலுவலகத்தில் நேரில் உறுதிப்படுத்துங்கள். விண்ணப்பத்தில் தொடர்பு முகவரியாகச் சங்கத்தின் முகவரியையே கொடுங்கள். எங்களுக்கு நேர்ந்த இழப்பின் பெரும்பகுதி இந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது. அரச அலுவலகத்திடமிருந்து தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. எழுத்தில் கேட்கத் தயங்க வேண்டாம்.

இப்போது 15 கிலோவாட் மட்டும், சட்டங்களைச் சங்கத்தின் செலவில் மாற்றிய பிறகு, குறைந்த விலையில் இயங்குகிறது. மீதிப் பெனல்கள் களஞ்சியத்தில் பெட்டியோடு கிடக்கின்றன. மின்மாற்றியைத் தரமுயர்த்தும் செலவுக்கு வங்கியுடன் பேசி வருகிறோம். பொலிஸிலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிலும் முறைப்பாடு செய்திருக்கிறோம். நிறுவனம் காட்டிய பற்றுச்சீட்டையும் உண்மையான அனுமதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க விரும்பும் சங்கங்களுக்கு, இரண்டின் நகலையும் தருவதற்குச் செயற்குழு இணங்கியிருக்கிறது.