காருல எஃப்எம் கரகரங்குதுன்னு கடைக்கு போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க

திண்டுக்கல், மதுரை, தேனி பக்கம் இருக்கவங்க யாராச்சும் காருல ரேடியோ சரியா எடுக்கலன்னு ஆக்சசரீஸ் கடைக்கு கிளம்புற ஐடியால இருந்தா கொஞ்சம் நில்லுங்க. எங்க அப்பாகிட்ட ஒரே மாசத்துல 23,900 ரூபா கறந்துட்டாய்ங்க. கடைசில பழுது எங்க இருந்துச்சுன்னா கார் கூரை மேல நிக்குற ஏரியல் குச்சியோட அடி மரைல. அதுக்கு ஒரு துண்டு உப்புத்தாள் போதும். வயித்தெரிச்சலா இருக்கு, அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

வண்டி 2014 ஸ்விஃப்ட், வாங்குனப்பவே கம்பெனி செட்டோட வந்தது. அப்பா தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, சின்னாளபட்டில வீடு, செம்பட்டி தாண்டி கொஞ்சம் தோட்டம் இருக்கு, தினம் காலைல ஆறு மணிக்கு வண்டிய எடுப்பாரு. எடுத்ததுமே கொடைக்கானல்ல இருந்து வர்ற கோடை எஃப்எம் 100.5 தான், எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க வீட்டுல அது பாடாத காலை கிடையாது. அந்த செட்டுல முதல் பட்டன அமுத்துனா 100.5 வரும், அவருக்கு வேற எதுவும் தேவையும் இல்ல.

மழைக்கு அப்புறம் ஒரு நாள் வண்டிய வாட்டர் சர்வீஸ் விட்டுட்டு வந்துருக்காரு, அன்னைல இருந்து எஃப்எம் கரகரன்னு கேக்க ஆரம்பிச்சிருக்கு, மேடு பள்ளத்துல வண்டி ஏறி இறங்குனா சுத்தமா போகுது, திரும்ப வருது. இங்க ரெண்டு விசயத்த கவனிங்க. ஒண்ணு, கோடை மலை எங்க ஊர்ல இருந்து கண்ணுக்கு தெரியுது, வீட்டுல இருக்குற பழைய கையடக்க ரேடியோல 100.5 தெளிவா எடுக்குது. அப்ப ஸ்டேஷன்ல குறை இல்ல, வண்டிலதான் இருக்கு. ரெண்டு, அதே செட்டுல பென்டிரைவ் போட்டா நாலு ஸ்பீக்கர்லயும் பாட்டு சுத்தமா பாடுது. பென்டிரைவ் பாட்டு சுத்தமா வந்தா செட்டுக்கு கரண்ட் ஒழுங்கா போகுது, சத்தத்த பெருசாக்குற ஆம்ப் நல்லா இருக்கு, ஸ்பீக்கர் நல்லா இருக்குன்னு அர்த்தம். மிச்சம் இருக்குறது ஏரியல் குச்சி, அதுல இருந்து செட்டுக்கு வர்ற கேபிள், செட்டுக்குள்ள ஸ்டேஷன பிடிக்குற டியூனர் இந்த மூணுதான். இதுல டியூனர் போறது ரொம்ப அபூர்வம், குச்சியும் கேபிளும்தான் வெயில்லயும் மழைலயும் கெடந்து அடி வாங்குது.

இதெல்லாம் இப்ப எழுதுறேன், அன்னைக்கு அப்பா போன் பண்ணப்ப நான் சென்னைல ஆபீஸ்ல இருந்தேன், அவசரத்துல "கடைல காட்டி பாத்து பண்ணுங்கப்பா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். அஞ்சு நிமிசம் ஒதுக்கி கேட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது, அது இன்னும் மனசுல உறுத்துது.

கடைல என்ன சொல்லிருக்காய்ங்கன்னா, "ஐயா, போர்டு போயிருச்சு, இந்த மாடலுக்கு ஸ்பேரே வர்றதில்ல, நாலாயிரம் போட்டு சரி பண்ணாலும் மூணு மாசம் தாங்காது. ஆண்ட்ராய்டு செட் போட்டுருங்க, எஃப்எம் அப்டியே கண்ணாடி மாதிரி கேக்கும்." செட்ட கழட்டி பாக்கல, ஏரியல தொட்டு கூட பாக்கல, சாவிய போட்டு பட்டன ரெண்டு தடவ அமுத்திட்டு போர்டு போயிருச்சாம். செட்டு 14,500, பின்னாடி கதவு ஸ்பீக்கர் ரெண்டும் "புது செட்டுக்கு தாங்காது"ன்னு சொல்லி 3,800, ஃபிட்டிங் 500. பில் கேட்டதுக்கு விசிட்டிங் கார்டு பின்னாடி "1 வருசம் வாரண்டி"ன்னு பேனால எழுதி குடுத்துருக்காய்ங்க. ஜிபேல பணம் போட்டதால அந்த ஆதாரமாச்சும் மிஞ்சுச்சு.

புது செட்டுலயும் எஃப்எம் கரகரன்னுதான் கேட்டுச்சு. இதுக்கு அவங்க சொன்ன பதில், "ஐயா, ஆண்ட்ராய்டு செட்டுக்கு பூஸ்டர் போடணும்", அது ஒரு 700. பூஸ்டர் போட்டதும் கரகரப்பும் சேர்ந்து சத்தமா கேட்டுச்சு, அவ்வளவுதான். வர்ற சிக்னலே அரைகுறைன்னா பூஸ்டர் அந்த அரைகுறையத்தான் பெருசாக்கும், வேற என்ன பண்ணும்?

அடுத்தது பேட்டரி. ஒரு கல்யாணத்துக்கு திருநெல்வேலிக்கு ட்ரெயின்ல போயிட்டு மூணு நாள் கழிச்சு வந்து வண்டிய எடுத்தா செல்ஃப் டிக் டிக் டிக்குங்குது, எடுக்கல. கடைக்கு போன் போட்டா "பேட்டரி பழசாயிருச்சு ஐயா, புது செட்டுக்கும் செட்டாகாது"ன்னு அவங்களே ஆள் அனுப்பி 4,400க்கு புது பேட்டரி மாட்டிட்டு பழைய பேட்டரியயும் தூக்கிட்டு போயிட்டாய்ங்க. ரெண்டு வாரம் ஓடுச்சு. நடுவுல அப்பாவுக்கு காய்ச்சல், ரெண்டு நாள் வண்டிய எடுக்கல, மூணாம் நாள் புது பேட்டரியும் டவுன். அப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு, வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.

சனிக்கிழமை காலைல பக்கத்து தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தாரு. பேட்டரிய சார்ஜ் ஏத்திட்டு, சாவி வெளிய, கதவெல்லாம் சாத்தி, பேட்டரி நெகட்டிவ் கேபிள கழட்டி, அந்த கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மல்டிமீட்டர 10 ஆம்பியர்ல வச்சு பிடிச்சாரு. (இத நீங்களா செஞ்சா மீட்டர் மாட்டிருக்கும்போது செல்ஃப் அடிச்சிராதீங்க, மீட்டர் போயிரும்.) நிறுத்தி வச்சிருக்குற கார் 50 மில்லி ஆம்பியருக்குள்ளதான் எடுக்கணும், எங்க வண்டி 0.6 ஆம்பியர் எடுத்துட்டு இருந்துச்சு. ஒரு நாளைக்கு 14 ஆம்பியர் ஹவருக்கு மேல, எங்க பேட்டரியே 35 தான், ரெண்டு ரெண்டரை நாள்ல காலியாகாம என்ன செய்யும். செட்டோட ஃப்யூஸ புடுங்குனாரு, மீட்டர் 0.02க்கு வந்து நின்னுச்சு. பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்ல, பழைய பேட்டரி மேலயும் இருந்துருக்காது.

புடுங்குன ஃப்யூஸ கைல வச்சு பாத்தாரு பாருங்க, மூஞ்சியே மாறிருச்சு. பச்சை கலர். பிளேடு ஃப்யூஸ்ல சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சைன்னா 30 ஆம்பியர். பெட்டி மூடில அந்த இடத்துக்கு 15ன்னு போட்டுருக்கு. மாட்டும்போது ஏதோ ஷார்ட் ஆகி நீல ஃப்யூஸ் போயிருக்கு, கைல கெடச்ச பச்சைய சொருகிட்டாய்ங்க. 15க்கு போட்ட மெல்லிசு வயர் 30 ஆம்பியர் தாங்காது, எங்கயாச்சும் உரசி ஷார்ட் ஆனா ஃப்யூஸ் போறதுக்கு முன்னாடி வயரு சூடாகி உருகும். டேஷ்போர்டுக்குள்ள, அப்பா உக்காந்து ஓட்டுற இடத்துக்கு முன்னாடி. பணம் போனத கூட விட்டுருவேன், இத என்னால விட முடியல.

செட்ட வெளிய இழுத்தா உள்ள ஒரே கந்தல். வயர் எல்லாத்தயும் சேத்து சொருகுற கம்பெனி கப்ளர வெட்டி எறிஞ்சிட்டு வயர முறுக்கி முறுக்கி கருப்பு டேப் சுத்திருக்காய்ங்க, வெயில்ல பசை இளகி ரெண்டு இடத்துல டேப்பு தானா அவுந்து கெடக்கு. புது செட்டுல மஞ்சள் வயரு எப்பவும் கரண்ட் இருக்குற லைனுக்கு போகணும், ஸ்டேஷன், நேரமெல்லாம் மெமரில நிக்கிறது அதாலதான். சிவப்பு வயரு சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைனுக்கு போகணும். இவங்க சாவி லைன தேட சோம்பல் பட்டு ரெண்டையும் ஒண்ணா முறுக்கி பேட்டரி லைன்ல குடுத்துட்டாய்ங்க. அப்ப செட்டு எப்பதான் ஆஃப் ஆகும்? அதனாலதான் அப்பாகிட்ட "இறங்கும்போது இந்த பட்டன அமுத்திட்டு இறங்குங்க ஐயா"ன்னு சொல்லிக் குடுத்துருக்காய்ங்க, அவரும் மறக்காம தினம் அமுத்திருக்காரு, ஸ்கிரீன் மட்டும் அணையும், உள்ள ஆண்ட்ராய்டு விடிய விடிய ஓடிட்டே இருக்கும். ஏரியலுக்கு போக வேண்டிய நீல வயரு எதுலயும் மாட்டாம சும்மா தொங்குது. ஸ்டீரிங் பட்டனுக்கு அடாப்டரே போடல, அதுவும் செத்து கெடக்கு.

அப்புறம்தான் அண்ணன் கூரை மேல கைய வச்சாரு. ஏரியல் குச்சிய ரெண்டு சுத்து சுத்துனாரு, கைல வந்துருச்சு. மரை முழுக்க பச்சைப் பாசி மாதிரி களிம்பு, நடுவுல துரு, குழிக்குள்ள காய்ஞ்ச சேறு. வாட்டர் சர்வீஸ்ல கழட்டிட்டு திரும்ப மாட்டும்போது முழுசா முறுக்காம விட்டுருக்காங்க, தண்ணி இறங்கி களிம்பு பிடிச்சிருக்கு. உப்புத்தாள சுருட்டி மரைய தேச்சாரு, குழிய பழைய டூத் பிரஷ்ல சுத்தம் பண்ணாரு, பூஸ்டர கழட்டி கேபிள நேரா சொருகுனாரு, குச்சிய இறுக்கி முறுக்குனாரு. பத்து நிமிசம் கூட ஆகல. 100.5 வச்சா வீட்டுக்குள்ள இருந்து அம்மா வெளிய வந்து பாக்குற அளவுக்கு தெளிவா கேக்குது. அப்பா ஒண்ணுமே பேசல, கார் கதவ பிடிச்சிட்டு கொஞ்ச நேரம் நின்னாரு.

செட்டும் சொன்னது இல்ல. செட்டிங்ஸ்ல ஆண்ட்ராய்டு 13னு காட்டுது, ஒரு ஹார்டுவேர் ஆப் போட்டு பாத்தா ஏபிஐ (ஆண்ட்ராய்டு ஒவ்வொரு வெர்ஷனுக்கும் உள்ள உள் நம்பர்) 29னு வருது. 13ன்னா 33 வரணும், 29ன்னா அது ஆண்ட்ராய்டு 10. பெட்டில போட்டுருந்த 50 வாட்ஸ் இன்டு 4ம் அப்டித்தான், அது பீக் கணக்கு, அதாவது ஒரு கண நேர உச்சம், தனி ஆம்ப் இல்லாத செட்டு எதுவா இருந்தாலும் ஒரு சேனலுக்கு நெசமா வர்றது 20 வாட்ஸ் பக்கம்தான். அதனால "புது செட்டுக்கு உங்க பழைய ஸ்பீக்கர் தாங்காது"ங்கறது அநியாயத்துக்கு பொய், கம்பெனி செட்டும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் குடுத்துட்டு இருந்துச்சு.

திங்கக்கிழமை லீவு போட்டு கடைக்கு போனேன். "அண்ணே, பழைய செட்டயும் ஸ்பீக்கரயும் குடுத்துருங்க, இத எடுத்துக்கிட்டு பணத்த குடுங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். "பழசெல்லாம் ஸ்கிராப்புக்கு போயிருச்சு தம்பி, வயர நீங்க பிரிச்சிட்டீங்க, இனி வாரண்டி கிடையாது"ங்கறாரு. நல்லா ஓடிட்டு இருந்த செட்டு, எவனாச்சும் வாங்கி மாட்டிருப்பான், எந்த ஸ்கிராப்பு? போட்டோ எல்லாம் காட்டுனதுக்கு அப்புறம் பூஸ்டர் காசு 700 மட்டும் குடுத்தாரு.

1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சிருக்கேன். பதில் சரியில்லன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள கேஸுக்கு ஃபீஸ் கிடையாது. பில் இல்லாதது பெரிய இடைஞ்சல்தான், ஜிபே விவரம், அந்த விசிட்டிங் கார்டு, பச்சை ஃப்யூஸ், வெட்டுன வயர் போட்டோ எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். புகார் நடக்குறதால கடை பேர இங்க போடல.

உங்க வண்டில இதே மாதிரி வந்தா முதல்ல பென்டிரைவ் போட்டு பாருங்க, அது சுத்தமா பாடுனா குச்சிய கழட்டி பாருங்க. போன் சார்ஜர், டேஷ்கேம் ஏதாச்சும் சொருகி இருந்தா எல்லாத்தயும் எடுத்துட்டு ஒரு தடவ எஃப்எம் கேளுங்க, மட்டமான சார்ஜரே கரகரப்ப குடுக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க உய்ய்ங்னு சத்தம் ஏறுனா அது பெரும்பாலும் எர்த் பிரச்சினை, செட்டு பிரச்சினை இல்ல. ஒரு கதவு ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டு பாடுனா கதவ திறந்து மூடி பாருங்க, கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள்ள வயரு ஒடிஞ்சிருக்கும். ஸ்பீக்கர் உசுரோட இருக்கான்னு சந்தேகமா, வயர கழட்டி ஒரு 1.5 வோல்ட் செல்ல ஒரு செகண்டு தொட வைங்க, டப்புன்னு சத்தம் வந்தா காயில் நல்லா இருக்கு. என் ஃப்ரெண்டு ஹோண்டா சிட்டில பேட்டரி மாத்துனதும் செட்டு கோடு கேட்டு நின்னுச்சு, செட்டே போச்சுன்னு ஒரு கடைல சொல்லிட்டாங்க, கடைசில கார் மேனுவல்கூட வந்த சின்ன கார்டுல நம்பர் இருந்துச்சு, அடிச்சதும் பாடுச்சு.

புது செட்டே போடுறதா இருந்தாலும் உங்க வண்டிக்குன்னு வர்ற கப்ளர் செட்டு தனியா விக்குது, அத வாங்கி மாட்டச் சொல்லுங்க, ஒரு வயர வெட்ட விடாதீங்க. கழட்டுன பழைய செட்ட கையோட வாங்கிட்டு வந்துருங்க. வயசானவங்கள தனியா அனுப்பாதீங்க, தயவு செஞ்சு.

இப்ப அண்ணன் வயரெல்லாம் சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டு, சிவப்ப சாவி லைனுக்கு மாத்தி, 15 நீல ஃப்யூஸ் போட்டு குடுத்துருக்காரு, மூணு நாள் நிறுத்தி வச்சு எடுத்தாலும் வண்டி ஒரே செல்ஃப்ல எடுக்குது. ஸ்டீரிங் பட்டன் அடாப்டர் ஆர்டர் போட்டுருக்கேன், இன்னும் வரல. அப்பாவுக்கு அந்த டச் ஸ்கிரீன்ல 100.5 தேட தெரியல, அவரோட முதல் பட்டன் எங்கன்னு இன்னும் கேட்டுட்டு இருக்காரு.