மார்த்தேனா, லெஃபெவ்ரா: இரண்டு பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள்

பிரான்சில் மிகப் பரவலான குடும்பப் பெயர் மார்த்தேன் (Martin). இரண்டு லட்சம் பேருக்கு மேல் இந்தப் பெயரோடு இருக்கிறார்கள். ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது என்றாலும், அதைப் பரப்பியவர் 4ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயராக இருந்த புனித மார்ட்டின். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தவர் என்று கொண்டாடப்படுபவர். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அப்புறம் அதுவே குடும்பப் பெயராகவும் நிலைத்தது.

லெஃபெவ்ர் (Lefebvre) தொழிலில் பிறந்த பெயர். பொருள், கொல்லர். எனக்கு இதன் எழுத்துக்கூட்டல்தான் அதிகம் பிடிக்கும். நடுவே ஒரு ‘பி’ இருக்கும், யாரும் உச்சரிப்பதில்லை. ‘ஃபாபெர்’ என்ற லத்தீன் மூலத்தை நினைவூட்ட அந்தக் கால எழுத்தர்கள் செருகியது அது. பழைய கையெழுத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒன்றுபோல இருந்ததால், லெஃபெபூர் என்று ஒரு கிளையும் முளைத்தது. தெற்கே அதே கொல்லர் ஃபாப்ர், ஃபோர் ஆகிவிடுகிறார்.

முன்னோரைத் தேடுகிறவருக்கு லெஃபெவ்ர்தான் கைகொடுக்கும். வடபிரான்சு, நார்மண்டி என்று திசையாவது காட்டும். மார்த்தேன் என்றால் நாடு முழுக்க, ஒன்றுக்கொன்று உறவில்லாத குடும்பங்கள். ஊர்ப்பெயரும் தெரிந்திருந்தால்தான் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேட முடியும்.