விடுதி அறையா, வேகே வீடா: டியூபிங்கனில் மூன்று ஆண்டுக் கணக்கு

ஒவ்வோர் அக்டோபரிலும் ஜெர்மனியின் டியூபிங்கனுக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதே கேள்வியோடு வருகிறார்கள்: மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்துவிடலாமா, வேகேக்கு மாறுவது நல்லதா? வேகே என்பது நாலைந்து பேர் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் வீடு. ஆளுக்கு ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் பொது. நான் முதல் ஆண்டை விடுதியில் கழித்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகளாக வேகேயில் இருக்கிறேன். என் சாய்வு வேகே பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணக்கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விடுதியில் நான் கொடுத்த வாடகை 330 யூரோ. இப்போது கொடுப்பது 410. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துச் செலவழிக்கும் மாணவருக்கு இந்த 80 யூரோ வலிக்கத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் வாங்கும் 1,500 யூரோ செமஸ்டர் கட்டணம் எங்கே தங்கினாலும் உண்டு. பொதுத் தொலைக்காட்சிக்கும் வானொலிக்குமான ஒலிபரப்புக் கட்டணம் மட்டும் வேகேக்குச் சாதகம். மாதம் 18.36 யூரோவை ஒரு வீட்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும், நாங்கள் நான்கு பேர் பங்கிட்டுக்கொள்கிறோம். பொது நடைக்கூடத்தை ஒட்டிய விடுதி அறை தனி வீடாகக் கருதப்படுவதால், அங்கே முழுத் தொகையையும் நானே கட்டினேன்.

அறைகலன் விஷயத்தில் விடுதிக்குத்தான் வெற்றி. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் தயாராக இருக்கும். பெட்டியை இறக்கிவைத்தால் போதும். வேகே அறை பெரும்பாலும் வெறும் சுவர்தான். முன்பு இருந்தவரிடம் கட்டிலை 60 யூரோவுக்கு வாங்கினேன். முன்பணமும் கூடுதல். சட்டப்படி வெப்பமூட்டல் போன்ற துணைச்செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாத அளவுவரை கேட்கலாம். அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. இது தெரியாமல் முழுத் தொகையையும் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கேளுங்கள், தருவார்கள்.

கிடைப்பதில் இருக்கும் சிரமத்தையும் மறைக்கக் கூடாது. சுமார் 90,000 பேர் வாழும் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மாணவர். 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்திருக்கிறது. விடுதிக்கு விண்ணப்பித்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். வேகேக்கோ நம்மையே விண்ணப்பமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நான் 41 கடிதங்கள் எழுதினேன். ஆறு வீடுகளில் சமையலறை மேசையில் உட்காரவைத்துப் பேசினார்கள். ஐந்தில் இல்லை என்றார்கள். அந்த ஐந்து மறுப்பும் என்னைத் தூங்கவிடவில்லை. சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், முதலில் பணம் போடுங்கள் என்று கேட்டவர்கள் இரண்டு பேர். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வேகே என்கிறேன்? மொழிதான் காரணம். மற்றவை எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

விடுதியில் எங்கள் நடைக்கூடத்தில் 12 அறைகள். ஏழு பேர் வெளிநாட்டவர், அவர்களில் மூன்று பேர் தமிழ் பேசுபவர்கள். பொதுமொழி ஆங்கிலம். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து அறைத் தம்பி ரசம் வைத்துக் கொண்டுவந்ததை மறக்க மாட்டேன். விடுதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாமே அங்கே நடந்து முடிந்துவிடும். மாடிப்படியைப் பெருக்க ஆள் உண்டு, விளக்கு போனால் மாற்றவும் ஆள் உண்டு. யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. ஓராண்டு முடிந்தபோது என் கையில் பி1 என்னும் நடுத்தர நிலை ஜெர்மன் சான்றிதழ் இருந்தது. ஆனால் பேக்கரியில் பெண்மணி கேட்ட இரண்டாவது கேள்வி எனக்குப் புரியவில்லை.

வேகேக்கு வந்த முதல் வாரம் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சிறிய மரப்பலகை தொங்கியது. அதில் 'கேர்வொஹே' என்று எழுதியிருந்தது. அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கும் முறை நம் வீட்டுக்கு என்று அர்த்தம். ஸ்வாபியர்கள் வாழும் இந்தப் பகுதியில் இது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வேலை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நான் துடைத்து முடித்தேன். முதல் மாடியில் இருக்கும் 80 வயதை நெருங்கிய அம்மையார் கதவைத் திறந்து, குனிந்து, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் படியின் மூலையைக் காட்டினார். தூசி அப்படியே இருந்தது. துணியை என் கையிலிருந்து வாங்கி, நன்றாகப் பிழிந்து, மூலையில் விரலால் அழுத்தித் துடைத்துக் காட்டினார். 'இன்னும் ஒரு பிஸ்லே' என்றார். கொஞ்சம் என்பதற்குப் பாடப்புத்தகம் எனக்கு 'பிஸ்ஷென்' என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தது. அன்று படியிலேயே நின்று கால்மணி நேரம் பேசினோம். பாதிதான் புரிந்தது.

அடுத்த மாதம் அவருடைய தண்ணீர்ப் பாட்டில் பெட்டியை மேலே தூக்கிக்கொடுத்தேன். அதற்கடுத்து அவர் என்னிடம் உரத்தொட்டியில் எதைப் போடக்கூடாது என்று ஒரு பாடமே எடுத்தார். வீட்டுக்குள்ளே, சட்டம் படிக்கும் தோழி வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்து விளக்கினாள். செவிலியர் பயிற்சியில் இருக்கும் நண்பன் இரவுப் பணி முடித்துவந்து காலைக் காப்பியோடு புலம்புவான். அந்தப் புலம்பலில் நான் கற்ற சொற்கள் எந்த வகுப்பிலும் வராதவை. ஆறு மாதத்தில் என் வாய் திறந்துகொண்டது. தொலைபேசியில் ஜெர்மன் பேசப் பயந்தவன், மருத்துவரிடம் நானே நேரம் வாங்கினேன்.

இது வெறும் ஊர்ப்பற்று அல்ல, பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியின் சிறு நிறுவனங்களின் கதவைத் தட்டினால், மதிப்பெண்ணோடு ஜெர்மன் பேச்சையும் எடைபோடுகிறார்கள். பிறகு நிரந்தர அனுமதிக்கும் குடியுரிமைக்கும் பி1 மொழித்தேர்ச்சி கேட்கிறார்கள். சான்றிதழை வகுப்பில் வாங்கிவிடலாம். நேர்காணலில் எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே வட்டார வழக்கில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் துணிச்சல் எனக்கு மாடிப்படியில்தான் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லா வேகேயும் இப்படி இருக்காது. ஆளுக்கொரு குளிர்பெட்டித் தட்டு, ஆளுக்கொரு பூட்டிய கதவு என்று, வாடகையைப் பங்கிட மட்டும் சேர்ந்திருக்கும் வீடுகள் உண்டு. அவற்றுக்கு விடுதியே மேல், செலவாவது குறையும். வேகே நேர்காணலுக்குப் போகும்போது வாரத்தில் எத்தனை முறை சேர்ந்து சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் முதன்மை வாடகைதாரரா, உள்வாடகைதாரரா என்றும் கேளுங்கள். நால்வரும் முதன்மை வாடகைதாரர்கள் என்றால் ஒருவர் வாடகை தராவிட்டால் வீட்டுக்காரர் அதை மற்ற மூவரிடம் கேட்கலாம்.

நான் தனியாள். துணையோடோ குழந்தையோடோ வருபவர்களுக்கு என் கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஆய்வகத்தில் இருந்து இரவு தூங்க மட்டும் வருபவர்களுக்கும் அப்படித்தான். முதல் செமஸ்டரில் வரும்போதே வேகே தேடுவதும் கடினம். விடுதி கிடைத்தால் வாங்கிக்கொண்டு, டியூபிங்கனில் இருந்தபடி தேடுங்கள். வேறு ஊரில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களின் அறைகள் தற்காலிக வாடகைக்கு வரும். என் நண்பர்கள் இருவர் அப்படி நுழைந்து நிலைத்துவிட்டார்கள்.

விடுதியில் என் அஞ்சல் பெட்டியில் அறை எண் பெரிதாக இருக்கும், என் பெயர் கீழே சிறியதாக. இங்கே அழைப்புமணிக்குப் பக்கத்தில் நான்கு பெயர்கள். என் பெயர் நீளம் என்பதால் தோழி முதலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் பலகையையே மாற்றி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொறித்துத் தந்தார். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார்.

வரும் ஏப்ரலில் நண்பன் பயிற்சி முடித்துக் கிளம்புகிறான். அந்த அறை காலியாகிறது. விளம்பரம் போட்ட இரண்டே நாளில் 60-க்கு மேல் கடிதங்கள் வந்திருக்கின்றன. இப்போது சமையலறை மேசையின் மறுபக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தட்டுத் தடுமாறி எழுதிய ஜெர்மன் கடிதங்களை முதலில் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.