போட்டிக்கு இறங்க நினைப்பவருக்கு: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் வெளிவந்தது 2023 ஜூன் 2-ம் தேதி. கதை, கிராஃபிக்ஸ், பாட்டு பற்றியெல்லாம் அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது ஒரே ஒரு வகை ஆளுக்காக. நாலு பேர் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு மோதி ஜெயிக்கவேண்டும் என்று ஆசை இருக்கிறது. ஆனால் ஊரில் கூட ஆட ஆளில்லை. பாலக்காட்டு மாவட்டத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் நிலைமை அதுதான். இங்கே தமிழ்ப் பையன்களும் மலையாளப் பையன்களும் ஃபோனில் துப்பாக்கி கேம்தான் ஆடுவார்கள். சண்டை கேம் என்றால் டெக்கனில் பட்டனைக் கண்டபடி தட்டியதோடு சரி.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து போட்டிக்குத் தயாராக இதைவிட நல்ல கேம் எனக்குத் தெரியாது. காரணம் இதன் டிரெய்னிங் மோடு. தோற்றது ஏன் என்று அது காட்டிக்கொடுக்கிறது. பக்கத்தில் சொல்லித்தர ஒரு அண்ணன் இல்லாத ஊரில் அது பெரிய விஷயம்.

இந்த கேம் ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் கிளம்ப இத்தனை ஃப்ரேம், படுவதற்கு இத்தனை, கையை இழுத்துக்கொள்ள இத்தனை என்று கணக்கு உண்டு. டிரெய்னிங் மோடில் ஃப்ரேம் மீட்டரைப் போட்டுவிட்டால் அந்தக் கணக்கு கட்டம் கட்டமாக, நிறம் நிறமாகத் திரையில் ஓடும். வேகமான குத்து 4 ஃப்ரேமில் கிளம்பும். எதிராளியின் அடியை நீங்கள் தடுத்த பிறகு அவர் 4 ஃப்ரேமோ அதற்கு மேலோ தாமதமாக நிற்கிறார், அந்தக் குத்து அவரை எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றால், அது பட்டே தீரும். இது புரியாதவரை எல்லாம் அதிர்ஷ்டம் மாதிரியே தெரியும். முன்பெல்லாம் இந்த எண்களை வெளியே தேடிப்பிடித்து மனப்பாடம் செய்தோம். இப்போது ஆடுகிற திரையிலேயே இருக்கிறது.

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். டிரைவ் இம்பாக்ட் என்ற அடியில் விழுந்துகொண்டே இருந்தான். அது இரண்டு அடியைத் தாங்கிக்கொண்டு முன்னால் வரும். நாம் சாதாரணமாக அடித்தால் நம் அடியை வாங்கிக்கொண்டே நம்மைச் சாய்த்துவிடும். "மாமா, இது தப்பு கேம்" என்றான். டிரெய்னிங் மோடில் எதிரே நிற்கும் டம்மியை அந்த அடியை அடிக்கும்படி ரெக்கார்ட் செய்து, வேறு இரண்டு அசைவுகளையும் பதிந்து, எது எப்போது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஓடவிட்டேன். டிரைவ் இம்பாக்ட் கிளம்ப 26 ஃப்ரேம், அதாவது அரை நொடிக்கும் குறைவு. அதற்குள் பார்த்துத் திருப்பி நம் டிரைவ் இம்பாக்டைப் போடலாம், குதிக்கலாம், கிட்டத்தில் இருந்தால் பிடித்துத் தூக்கியும் போடலாம். சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் என்று தினமும் இதையே செய்தான். இப்போது அவனிடம் அதை அடிக்கவே எனக்கு யோசனையாக இருக்கிறது.

அடுத்து டிரைவ் கேஜ். டிரைவ் இம்பாக்ட் மாதிரி அடிகளுக்குச் செலவாகிற சக்திக்கோடு இது. ரவுண்டு தொடங்கும்போது இருவருக்கும் ஆறு கட்டம் நிறைந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் உயிர்க்கோட்டை மட்டும் பார்ப்பார்கள். இதைப் பாருங்கள் என்பேன். அது தீர்ந்துபோனால் பர்ன்அவுட். எதிராளியின் ஒவ்வொரு அடியைத் தடுத்த பிறகும் 4 ஃப்ரேம் கூடுதலாக மாட்டிக்கொண்டு நிற்போம். சுவரோரம் நின்று டிரைவ் இம்பாக்டைத் தடுத்தால்கூடக் கிறங்கிப்போவோம். ஜெயித்துக்கொண்டிருந்த ரவுண்டு கைமாறுவது பெரும்பாலும் இங்கேதான். எப்போது செலவழிப்பது, எப்போது கையை இறுக்குவது என்ற இந்தக் கணக்குதான் எனக்கு இந்த கேமில் மிகவும் பிடித்த பகுதி.

கன்ட்ரோல் பற்றிய சண்டைக்கு வருவோம். கிளாசிக், மாடர்ன் என்று இரண்டு வகை உண்டு. கிளாசிக்கில் ஹடோக்கன் என்ற நெருப்புப் பந்து மாதிரி ஸ்பெஷல் அடியைப் போட கீழ், கீழ்-முன், முன் என்று திருப்பிக் குத்தவேண்டும். மாடர்னில் ஒரு பட்டன் போதும். அப்படிக் குறுக்குவழியில் போடும் ஸ்பெஷலால் எதிராளிக்கு ஆகும் சேதம் 20 சதவீதம் குறைவு, சில சாதாரண அடிகளும் கிடைக்காது. மாடர்னில் ஆடுவது மட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கேமைத் தயாரித்த கேப்காமின் அதிகாரப்பூர்வப் போட்டிகளிலேயே அதற்கு அனுமதி இருக்கிறது. விரல் பழகுவதில் மாதக்கணக்கில் போகிற நேரத்தை எதிராளியைப் படிப்பதில் செலவிட முடியும். நான் கிளாசிக், அக்கா மகன் மாடர்ன். குதித்து வருகிறவரைக் கீழே இறக்குவதில் அவன் கை என் கையைவிட நம்பகமானது.

ரேங்க் ஆட்டத்தில் முதலில் 10 மேட்ச் வைத்து உங்களை ஒரு இடத்தில் நிறுத்துவார்கள். ரூக்கி, அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்டு, மாஸ்டர் என்று ஏணி. ஒவ்வொரு கேரக்டருக்கும் தனி ரேங்க் என்பதால் புதுக் கேரக்டரை எடுத்துப் பார்க்கப் பயப்படவேண்டியதில்லை. ஆனாலும் ஆரம்பத்தில் ஒருவரையே பிடித்துக்கொள்ளுங்கள். குதிக்கிறவரை இறக்க ஒரு அடி, தவறுகிறவரைத் தண்டிக்க ஒரு காம்போ (விடாமல் தொடர்ந்து விழும் அடிகள்), கீழே விழுந்தவர் எழும்போது செய்ய ஒரு வேலை. இந்த மூன்றும் தடுமாறாமல் வந்தால் வெகுதூரம் போகலாம்.

ஆன்லைன் பிரமாதம். எதிராளி அழுத்தப்போவதை ஊகித்து ஓட்டி, தப்பானால் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும் ரோல்பேக் நெட்கோடு என்பதால் தூரத்து ஆளோடும் ஓரளவு ஒழுங்காக ஆடமுடிகிறது. மேட்சை ஏற்றுக்கொள்ளும் முன்பே எதிராளி வைஃபையா கேபிளா என்று காட்டிவிடும். நீங்களும் லேன் கேபிள் போடுங்கள். இதில் சமரசமே வேண்டாம். ஆடி மாதக் காற்றில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தேன், அப்புறம்தான் ஒரு செட்டை நிம்மதியாக முடிக்க முடிந்தது.

கோயம்புத்தூரில் ஒரு சின்னப் போட்டிக்கு இருவரும் போயிருந்தோம். இப்படிப்பட்ட போட்டிகள் பெரும்பாலும் டபுள் எலிமினேஷன். ஒரு தோல்வியில் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், இரண்டாவது தோல்வியில்தான் வெளியே. கன்ட்ரோலரை நாமே கொண்டுபோகவேண்டும். வயர்லெஸ் கன்ட்ரோலர் என்றால் ஆடி முடித்ததும் அந்த மெஷினிலிருந்து இணைப்பை எடுத்துவிட்டு எழுந்திருங்கள். இல்லையென்றால் அடுத்தவர் ஆட்டத்துக்கு நடுவே உங்கள் கை பட்டு ஆட்டம் நடுவில் நின்றுவிடும் (pause). அப்படி ஆட்டத்தை நிறுத்தினால் ரவுண்டு போய்விடும் என்பது பல இடங்களில் விதி. விலை உயர்ந்த ஆர்கேடு ஸ்டிக் எதுவும் தேவையில்லை. சாதாரண கன்ட்ரோலரில் உலக அளவில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் தேங்காய் வியாபாரம் செய்கிற அண்ணன் ஒருத்தர், "இந்த வயசுல இதெல்லாம் ஏறுமாங்க?" என்று கேட்டார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குத் தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. 2023-ல் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் இந்த கேமுக்கு 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். ஜெயித்தவர் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஆங்ரிபேர்ட். நம் வீட்டு ஆட்கள் சம்பாதிக்கப் போகிற ஊர்க்காரர். இதைச் சொன்னதும் அண்ணன் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

குறைகளும் உண்டு. வேர்ல்டு டூர் என்கிற கதைப்பகுதி போட்டிக்காரருக்கு அவ்வளவு உதவாது, நேரத்தைத் தின்னும். தொடக்கத்தில் வந்த 18 பேர் தவிர, ஆண்டுக்கு நாலு பேர் என்று சேர்கிற கேரக்டர்களுக்குத் தனிக் காசு. எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது மொழி. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. பாடங்கள் அருமையாக எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் அத்தனையும் வாசித்துப் புரிந்துகொள்ளவேண்டியவை. தமிழ் மீடியத்தில் படிக்கிற அக்கா மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வரி வரியாகச் சொல்லவேண்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத பையன் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவான்.

வாங்கும் முன் இலவச டெமோவைப் போட்டுப் பாருங்கள். ரியூ, லூக் இருவர் மட்டும் இருப்பார்கள். கை பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரலாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் வழியாக வருகிறவர்கள் கன்ட்ரோலரை மட்டும் எடுத்து வாருங்கள். டிவியும் கேபிளும் இங்கே இருக்கின்றன.