6/8 தவறா? பின்னப் பயிற்சிச் செயலியோடு 14 மாதங்கள்

அலுவலகத் தோழி போன வாரம் கேட்டாள்: "உன் பொண்ணு ரொம்ப நாளா ஒரு ஆப்ல பின்னம், தசமம் எல்லாம் போட்டுப் பழகுறாளே, அது இப்ப பாதி விலைக்கு வந்திருக்கு. என் பையனுக்கு வாங்கிடவா?" வாங்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முந்தின நாள் ராத்திரி வீட்டில் நடந்தது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மகள் இதில் பழக ஆரம்பித்தபோது அவளுக்குப் பத்து வயது. வாரத்தில் ஐந்து நாள், தினமும் இருபது நிமிடம். பாதி நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பாடம், எத்தனை நிலை, எந்தக் கருவியில் ஓடும் என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

அன்று ராத்திரி வந்த கணக்கு 3/8 + 3/8. அவள் 6/8 என்று போட்டாள். திரையில் சிவப்பாக ஒரு பெரிய பெருக்கல்குறி. கீழே "தவறு. சரியான விடை 3/4" என்று ஒரு வரி. பிழையில்லாமல் 96 கணக்கு வரை சேர்த்து வைத்திருந்தாள், நூறைத் தொட நான்குதான் பாக்கி. அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது. "நான் சரியாத்தானேம்மா கூட்டினேன்?" என்று கேட்டாள். அப்புறம் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

சரியாகத்தான் கூட்டியிருந்தாள். எட்டில் மூன்று பங்கும் எட்டில் மூன்று பங்கும் சேர்ந்தால் எட்டில் ஆறு பங்கு. மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டி 6/16 என்று எழுதுகிற பிள்ளைக்குப் பின்னம் என்றால் என்ன என்பதே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். 6/8 என்று எழுதிய பிள்ளைக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, சுருக்க மட்டும் விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டு விடைக்கும் ஒரே சிவப்பு, ஒரே "தவறு". 14 மாதமாக என் மனசு ஆறாமல் இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. 1/6 + 1/3 என்று கொடுத்தால், முதல் கட்டத்தில் பகுதிகளை, அதாவது கீழே உள்ள எண்களை, சமமாக்கச் சொல்கிறது. 1/3 என்பதை 2/6 என்று மாற்றினால் பச்சை டிக். அடுத்த கட்டத்தில் இரண்டையும் கூட்டி 3/6 என்று எழுதினால் சிவப்பு. "போன கட்டத்துல 2/6 சரின்னு சொல்லுச்சு, இப்ப 3/6 மட்டும் ஏன் தப்பு?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கீழ் எண் வேறு வேறாக உள்ள வேற்றினப் பின்னங்களைக் கூட்டவே சமான பின்னம்தான் வழி. ஒரே அளவுக்கு 1/3, 2/6, 4/12 என்று எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம், வேலைக்குத் தோதான பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்பதைத்தானே அந்தப் பாடம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கடைசி வரியில் வந்து அதையே தவறு என்றால் குழந்தை எதை நம்பும்?

தசமப் பகுதிக்குப் போனால் செயலி வேறு ஆளாகிவிடுகிறது. 0.3 + 0.2 என்ற கணக்குக்கு 0.5 என்று போட்டாலும் சரி, 0.50 என்று போட்டாலும் சரி. பேசாமல் பச்சை டிக் போட்டுவிடும். 0.50 என்பது 50/100. சுருக்காத பின்னம்தான், உடை மட்டும் வேறு. அங்கே ஏற்றுக்கொள்வதை இங்கே ஏன் மறுக்க வேண்டும்?

செயலிக்காரர்களிடம் மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன். விடையை எளிய வடிவில் எழுத வைப்பது பாடத்தின் நோக்கம் என்றுதான் மூன்று முறையும் பதில் வந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சுருக்கிய வடிவம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதனால் விடையைச் சரிபார்ப்பது சுலபம். 18/24 என்று வைத்துக்கொண்டு மேலே பெருக்கப் போனால் எண்கள் பெரிதாகிக்கொண்டே போகும், பிழையும் கூடவே வரும். தேர்விலும் சுருக்கித்தான் எழுதச் சொல்கிறார்கள். மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடித்து மேலும் கீழும் வகுத்துப் பழகுவது நல்ல பழக்கம், சந்தேகமே இல்லை. "எளிய வடிவில் எழுதவும்" என்று பாடத்தின் முதல் பக்கத்தில் ஒரு தடவை சொல்லவும் செய்கிறார்கள்.

ஆனால் பள்ளியில் 6/8 என்று எழுதினால் ஆசிரியர் என்ன செய்வார்? டிக் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே "சுருக்கு" என்று எழுதுவார். அரை மதிப்பெண் குறைத்தாலும் குறைப்பார். குறுக்கே கோடு இழுத்து அடிக்க மாட்டார். செயலியிலும் ஒரு மஞ்சள் நிறம் போதும். "சரி, இன்னும் சுருக்கலாம்" என்று ஒரு வரி போதும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். 6/8, 3/4 இரண்டும் ஒன்றா என்று பார்க்கக் குறுக்கே பெருக்கினால் முடிந்தது. 6 × 4 = 24, 8 × 3 = 24. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கைக் கணினியால் போட முடியாதா என்ன?

என் கோபம் இவ்வளவு ஏறுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதே செயலியில் எண்கோடு என்று ஒரு பகுதி இருக்கிறது. பின்னம், தசமம் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

பார்க்க ஒன்றுமே இருக்காது. 0 முதல் 1 வரை ஒரு கோடு, மேலே ஒரு எண். அந்த எண் கோட்டில் எங்கே உட்காரும் என்று விரலால் இழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் ஒரு நாள் 0.5 வந்தது, சரியாக நடுவில் வைத்தாள். அடுத்து 0.125. அதை 0.5-க்கு வலப்பக்கம், கோட்டின் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்தாள். 125 ஐந்தைவிடப் பெரியதாயிற்றே! இந்தத் தவறைச் செய்யாத குழந்தை குறைவு. முழு எண்களில் இலக்கம் கூடினால் எண் பெரியது என்று இத்தனை வருடம் பழகிய கண் தசமத்திலும் அதைத்தான் பார்க்கும்.

இங்கே சிவப்பு வரவில்லை. கோடு பத்துத் துண்டாகப் பிரிந்தது. 0.1-க்கும் 0.2-க்கும் நடுவே உள்ள துண்டு மட்டும் விரிந்து மறுபடி பத்தாகியது. அதில் 0.12-க்கும் 0.13-க்கும் நடுவே இன்னொரு தடவை. அந்தப் பத்தில் ஐந்தாவது கோட்டில் ஒரு புள்ளி உட்கார்ந்தது. பிறகு மெதுவாக எல்லாம் சுருங்கிப் பழைய கோடு திரும்பி வந்தபோது, அந்தப் புள்ளி இடது ஓரத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வைத்த புள்ளிகளைக் கோடு அழிப்பதில்லை, முந்தின வாரம் வைத்தவையும் மங்கலாகத் தெரியும். "அம்மா, இது எட்டுல ஒண்ணு இருந்த இடம்!" என்றாள். 1/8-ம் 0.125-ம் ஒன்று என்பதை நான் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்த வாரம் நானும் ஆர்வத்தில் கொஞ்சம் படித்தேன். தசம முறையை ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டெவின் 1585-ல் எழுதியபோது இன்று நாம் வைக்கிற புள்ளியை வைக்கவில்லையாம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் 1, 2, 3 என்று அது எத்தனையாவது இடம் என்று குறித்திருக்கிறார். மகளை 0.125-ஐ அப்படி எழுதச் சொன்னேன். 1-க்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 1, 2-க்குப் பக்கத்தில் 2, 5-க்குப் பக்கத்தில் 3. "அப்ப இந்த அஞ்சு ரொம்பச் சின்ன அஞ்சு" என்றாள். அதன் பிறகு அவள் தசமங்களை ஒப்பிடுவதில் தடுமாறி நான் பார்க்கவில்லை.

வகுத்தலும் இந்தக் கோட்டில்தான் புரிந்தது, அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும். 3 ÷ 1/4 என்றால் தலைகீழாக்கிப் பெருக்கு என்றுதான் நான் படித்தேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே 3 நீளமுள்ள பட்டையைக் கொடுத்துக் கால் கால் துண்டாக வெட்டச் சொல்கிறது. ஒரு முழுசுக்கு நான்கு துண்டு, மூன்று முழுசுக்குப் பன்னிரண்டு. வகுத்த பிறகு எண் ஏன் பெரிதாகிறது என்பது கண்ணெதிரே கிடக்கிறது.

மூன்றாவது மாதம் ஒரு வேடிக்கையும் நடந்தது. கோட்டில் 0.1 தாவி, அப்புறம் 0.2 தாவினால் நின்ற இடத்தில் 0.30000000000000004 என்று காட்டியது. பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். கணினி இரண்டின் அடுக்குகளில்தான் எண்ணும். பத்தின் அடுக்குகளில் எண்ணுகிற நம் பத்தடிமானத்தில் 1/3 எப்படி 0.333 என்று முடியாமல் போகிறதோ, அப்படியே இரண்டடிமானத்தில் 1/10 முடியாமல் போகும், எங்கேயோ வெட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். நம் முறையில் சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால்தான் தசமம் முடியும். இரண்டடிமானத்தில் 2 மட்டும்தான். பத்தில் ஒரு 5 இருக்கிறதே, அதுதான் சிக்கல். அடுத்த புதுப்பிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், அந்த நாளைப் போல அவள் கேள்வி கேட்ட நாள் குறைவு.

இவ்வளவு பொறுமையும் அறிவும் உள்ள கோட்டில் 6/8-ஐ வைத்துப் பாருங்கள். 3/4 இருக்கும் அதே புள்ளியில் போய் உட்காரும். 0.75-ம் அங்கேயே. ஒரே புள்ளிக்கு மேல் மூன்று பெயரும் அடுக்கடுக்காக வரும். ஆக, செயலிக்குத் தெரியும். அடுத்த பக்கத்துக்குப் போனால் அது தெரியாதது போல் சிவப்புக் குறி போடுகிறது. தெரியாமல் செய்தால் மன்னித்துவிடுவேன்.

இந்தத் தொல்லையைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தோம். கணக்கை முதலில் நோட்டில் போடுவாள். திரையில் சிவப்பு விழுந்தால் நான் நோட்டைப் பார்ப்பேன். அளவு சரியாக இருந்தால் பென்சிலால் டிக் போட்டு, ஓரத்தில் "சு" என்று எழுதுவேன், சுருக்கு என்று அர்த்தம். நேற்று அந்த நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கடைசி இரண்டு மாதத்தில் அவளுக்கு விழுந்த 41 சிவப்பில் 29-க்கு என் டிக் இருந்தது. 41-க்கு 29, பத்தில் ஏழுக்குக் கொஞ்சம் மேல். தவறு என்று சொல்லப்பட்டதில் முக்கால்வாசி தவறே இல்லை.

எனக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்க மனம் வருகிறது. என் மகளுக்குப் பின்னத்தைப் பற்றித் தெரிந்த நல்லதெல்லாம் இந்தச் செயலி கொடுத்ததுதான். அது தெரிந்தும் இரண்டு. தோழியிடமும் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "இவ்வளவு நல்லா சொல்றியே, அப்புறம் ஏன்?" என்றாள். பையன் பக்கத்தில் தினமும் பென்சிலோடு உட்கார முடியும் என்றால் வாங்கு, இல்லையென்றால் வேண்டாம் என்றேன். பாதி விலைக்கும் நான் புதுப்பிக்கப் போவதில்லை.

சந்தா முடிய இன்னும் 18 நாள் இருக்கிறது. கணக்குப் பகுதியை அவள் திறப்பதில்லை, எண்கோடு மட்டும்தான். 1/3 சரியாக எந்தக் கோட்டில் வந்து உட்காரும் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் அது மூன்றாவது கோட்டைத் தாண்டி, நான்காவதைத் தொடாமல் நடுவிலேயே நிற்கிறது. நேற்று 0.33333 வரை போயிருந்தாள்.