நுரைச்சோலை நிலக்கரியா, மன்னார் காற்றா?

போர் முடிந்ததும் இலங்கையில் வீதி, ஹோட்டல், கட்டட வேலைகள் சூடுபிடித்தன. அவற்றோடு மின்தேவையும் ஏறியது. அந்த நேரத்தில் கைகொடுத்தது நுரைச்சோலை அனல்மின் நிலையம். 2011இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. நாட்டின் மின்சாரத்தில் சுமார் மூன்றிலொரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. அதன் விலையைக் கொடுப்பது பக்கத்து ஊர்கள். காற்று பலமாக வீசும் மாதங்களில் கரித்தூளும் சாம்பலும் பறந்து வந்து மரக்கறித் தோட்டங்களில் படிகிறது என்பது அங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் முறைப்பாடு. கரியை எரிக்கும் காலமெல்லாம் இது தீராது. கரியை வாங்க டொலரும் வேண்டும். டொலர் தீர்ந்த 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு 13 மணிநேர மின்வெட்டில் கிடந்தது.

மன்னார் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளுக்கு அந்தக் கவலை இல்லை. தம்பபவனி என்று பெயர், கொள்ளளவு நூறு மெகாவாட் சொச்சம். கரி இல்லை, சாம்பல் இல்லை. ஆனால் இடம்? மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் இறங்கும் பாதை அது. பூநாரைகள் வந்து மேயும் வங்காலைச் சரணாலயம் கூப்பிடு தூரம். மழைவெள்ளம் வடியவும் வழியில்லாமல் போய்விட்டது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அங்கு மேலும் காற்றாலை கட்டவிருந்த அதானி குழுமம் விலைப் பிரச்சினையில் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. எதிர்ப்பு அத்தோடு ஓயவில்லை. காற்றாலையே கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை, இந்தத் தீவில் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. காற்றாலையின் கேட்டில் பெரும்பகுதி இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. நிலக்கரிக்கு அந்த வசதி கிடையாது, எங்கே வைத்தாலும் புகைதான்.

அப்படியானால் கூரைச் சூரியத் தகடு? நிலமும் கேட்காது, பறவைக்கும் தொல்லையில்லை. சிக்கல் மின்கட்டமைப்பில்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் தீவு முழுக்க இருண்டது என்றார் அமைச்சர். (குரங்கு பாவம், ஊரே சிரித்தது.) விடுமுறை நாளின் குறைந்த பாவனையும் அந்நேரத்துச் சூரிய மின்சாரமும் சேர்ந்து கட்டமைப்பைத் தள்ளாட வைத்திருந்தன என்பது மின்சார சபையின் விளக்கம். விழுந்த நுரைச்சோலை உடனே எழவில்லை, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. ஆக, தகடுகள் மட்டும் பெருகினால் போதாது. பகல் மின்சாரத்தை இரவுக்குத் தேக்கும் மின்கலங்களும் வேண்டும்.

மூன்றில் என் தேர்வு: முதலில் கூரைகள், மின்கலத்தோடு. அடுத்து காற்றாலை, மன்னார் தீவுக்கு வெளியே. புதிதாக நிலக்கரி வேண்டவே வேண்டாம். சம்பூரில் வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, அங்கே இப்போது சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.