பால்வாடியா, எல்.கே.ஜி.யா, 25 சதவீத இடமா?

தமிழ்நாட்டில் மூன்று வயது முடிந்த பிள்ளைக்கு அரசுச் செலவில் மூன்று வழி இருக்கிறது. ஊரில் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடி ஒன்று. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் 2019 ஜனவரியில் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டாவது. தனியார் பள்ளியில், கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கும் 25 சதவீத இடம் மூன்றாவது. பெற்றோர் போர்டைப் பார்க்கிறார்கள், அதிகாரிகள் சேர்க்கை எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: காலை 10 முதல் 12 வரை பிள்ளைகளைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு ஆள் அந்த அறையில் இருக்கிறாரா?

முதலில் அங்கன்வாடி. மாநிலத்தில் 54,439 மையங்கள். அதில் 49,499 முதன்மை மையம், 4,940 குறுமையம். முதன்மை மையத்தில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். குறுமையத்தில் எல்லாமே ஒரே ஆள். இங்கே இரண்டு வயதிலேயே பிள்ளையை விடலாம். மதியம் கலவை சாதம், வாரம் மூன்று முட்டை. ஆறு மாதக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சத்துமாவு வீட்டுக்குப் போகும். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்பது விதி. 2017ல் திருத்திய ஒன்றிய அரசுக் கணக்கில் அதற்குத் தலைக்கு 8 ரூபாய்தான். மாநிலம் தன் பங்கைத் தாண்டிப் போடுவதால்தான் தட்டில் முட்டை நிற்கிறது.

சாப்பாட்டிலும் எடையிலும் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. மூன்று வயதில் பையன் 11.3 கிலோவுக்குக் கீழும் பெண் 10.8 கிலோவுக்குக் கீழும் இருந்தால் எடைக்குறைவு. மாதாமாதம் நிறுத்துப் பார்த்தால் ஒழிய இது தெரியாது, ஏனென்றால் அந்தப் பிள்ளை நன்றாக ஓடி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். எடை மெஷினைச் சமதரையில் வைக்காதது, செருப்போடு நிறுத்துவது, பிறந்த தேதியைத் தோராயமாகப் போடுவது என்று மூன்று தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. கடைசித் தவறுதான் மோசம். வயது நாலு மாதம் கூடக் குறைய இருந்தால் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வேறு நிறத்துக்குப் போய்விடும்.

பாடத்தில்தான் இடிக்கிறது. உதவியாளர் ஒரு நாள் வரவில்லை என்றால் பணியாளர்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அரிசி களைந்து, பருப்பு வேகவைத்து, முட்டை உரித்து முடிக்கும்போது மணி பதினொன்றரை. அதற்குள் ஊட்டச்சத்துச் செயலியில் வருகைப் பதிவு, படம். தடுப்பூசி நாள் என்றால் தாய்மார் வரிசை. தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியலும் கையில் ஏறும். பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து ‘அ, ஆ’ பட்டியலை ஒரே ராகத்தில் பாடிக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பு நடக்கிற மாதிரியே இருக்கும்! 2025ல் 7,783 பணியிடங்களை நிரப்ப அரசு அறிவித்தது. அதில் உதவியாளர் இடம் மட்டும் 3,592. எழுத்துக்கும் அடுப்புக்கும் உள்ள தொடர்பு அந்த எண்ணில் இருக்கிறது.

இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்பது ஏற்கெனவே சோதித்துப் பார்த்ததுதான். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 640 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கு மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கொடுத்தார்கள். சுமார் ஒன்றரை ஆண்டில் அங்கே பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு எடை, ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. புதுக் கட்டடம் கட்டவில்லை, பலகையை மாற்றவும் இல்லை.

செலவைப் போட்டுப் பார்க்கலாம். அந்த அரைநாள் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று வைத்தால் மையத்துக்கு ஆண்டுக்கு 60,000. இருபது பிள்ளை என்றால் தலைக்கு மாதம் 250 ரூபாய். முதன்மை மையங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 297 கோடி. 5,000 ரூபாய்க்கு ஆள் நிற்பாரா என்பது நியாயமான கேள்வி. அதே ஊரில் வசிப்பவர், அரைநாள், நடந்து வரும் தூரம் என்ற மூன்றும் சேர்ந்தால் நிற்பார். பஸ் ஏறி வருபவர் இரண்டாம் மாதமே கணக்குப் பார்ப்பார்.

இனி அரசு எல்.கே.ஜி. நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் இது தொடங்கியது. ‘வகுப்புக்கு மட்டும் ஒரு ஆள்’ என்ற எங்கள் கேள்விக்குக் காகிதத்தில் இதுதான் சரியான பதில். ஆனால் யாரை அனுப்பினார்கள்? உபரியாகக் கணக்கிட்ட இடைநிலை ஆசிரியர்களை. தொடக்க வகுப்பு எடுக்கப் பயிற்சி பெற்றவர்களை மூன்று வயதுப் பிள்ளைகளிடம் உட்காரவைத்ததை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புக்கே திருப்பி, மழலையர் வகுப்பை அங்கன்வாடியிடம் விடப்போவதாக முடிவாகி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே வகுப்பு தொடரும் என்று அறிவிப்பு வந்தது. பிறகு 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள்.

நடத்துகிறவர்களுக்கு இதில் இரண்டு தலைவலி. பிள்ளைக்குச் சாப்பாடு சமூக நலத்துறைக் கணக்கில், பாடம் பள்ளிக்கல்வித் துறைக் கணக்கில். மேற்பார்வைக்கு வருபவர் இருவர். ஏதாவது கோளாறு என்றால் ஒருவரும் இல்லை. இரண்டாவது, பள்ளி வளாகத்தின் வேகம் மழலை வகுப்பையும் பிடித்துக்கொள்கிறது: சிலேட், வரிக்கோடு, வீட்டுப்பாடம். மூன்றரை வயது விரலுக்கு மாவு பிசைவதும், மணி கோப்பதும், மண்ணில் கிறுக்குவதும்தான் எழுத்துக்கு முந்திய வேலை. பென்சிலை முஷ்டியில் பிடித்து எழுதப் பழகிய பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பில் அதை மாற்றுவது லேசல்ல. இதன் பலம் வேறு: பிள்ளை அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது, இடையில் நழுவுவதில்லை.

25 சதவீத இடத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளி வேண்டும். ஜூலை 31க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ், அல்லது வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்கான சாதிச் சான்று. விண்ணப்பம் கூடினால் குலுக்கல். வருமானச் சான்றை ஏப்ரலில் கேட்டு அலைவதுதான் பலர் தவறவிடக் காரணம்; பிப்ரவரியிலேயே எடுத்து வையுங்கள். கல்விக் கட்டணத்தை அரசு கட்டும், ஆனால் புத்தகம், சீருடை, வேன் என்று பணம் கேட்கும் பள்ளிகள் உண்டு. மதிய உணவு கிடையாது. எட்டாம் வகுப்போடு சலுகை முடியும். ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் மொத்தமாக வீட்டின் மேல் விழும், அதை எல்.கே.ஜி. சேர்க்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை. 2025ல் ஒன்றிய அரசின் நிதி நின்றுபோனதால் கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது: அங்கன்வாடிப் பணியாளரின் பட்டியலில் அந்தப் பிள்ளை பெயர் இருக்கும், ஆனால் எடை பார்க்க மாலை வேன் வந்த பிறகு வீடு தேடிப் போனால்தான் உண்டு.

மூன்றுக்கும் பொதுவான ஓட்டை, நேரம். கூலி வேலைக்குப் போகும் தாய் திரும்ப ஆறு மணி ஆகும். எல்.கே.ஜி.யை எடுத்துக்கொண்டால் மூன்றரைக்குப் பள்ளி விட்டுவிடும். ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் காப்பகம் மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம், 25 பிள்ளைகள் வரை நடக்கலாம். அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கவும் அதில் வழி இருக்கிறது.

எங்கள் வரிசை இது: அரைநாள் ஆசிரியர் சேர்ந்த அங்கன்வாடி, பிறகு மழலையர் பயிற்சி பெற்றவர் இருக்கும் அரசு எல்.கே.ஜி., பிறகு தனி ஆள் இல்லாத அங்கன்வாடி, கடைசியில் 25 சதவீத இடம். ஊருக்கு ஊர் இது மாறும். பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு வாரநாளில், சொல்லாமல், பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். 30 பிள்ளைக்கு 35 சதுர மீட்டர் அறையும், 20 பேருக்கு ஒரு பெரியவரும் வேண்டும் என்கிறது 2013 தேசியக் கொள்கை. தலையை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு விளையாட்டுச் சாமான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பிள்ளை கைக்கு எட்டும் தட்டிலா, பூட்டிய பீரோவுக்குள்ளா, பாலித்தீன் உறை கிழியாமலா.